கொட்டைப்பாக்கு அளவு போதும்!

கே: பத்து நாளாகப் பேதி. டாக்டர் 'மோஷன் டெஸ்ட்' எழுதிக் கொடுத்தார். டப்பாவும் கையுமாகத் தெருவில் நடக்கக் கூச்சமாக இருக்கிறது.
*- வாசகி, தளேகாவ் தாபாடே*

ப: 1681-இல் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக், தமக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது அதையே எடுத்துத் தம் கையால் செய்த லென்ஸின் அடியில் வைத்தார். குட்டி உயிர்கள் நெளிந்தன. அதை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாகவும் எழுதிவிட்டார். அவர் கண்டது ஜியார்டியா என்கிற ஒட்டுண்ணி என்று இன்று கருதுகிறார்கள். அவர் லண்டன் வரை சொன்னார். நீங்கள் தெருமுனை லேப் வரை போகக் கூடாதா?

கே: டப்பா நிறையக் கொடுக்க வேண்டுமா?

ப: சீர்வரிசையா என்ன, நிறையக் கொடுக்க? கொட்டைப்பாக்கு அளவு போதும். தண்ணீராகப் போனால் இரண்டு ஸ்பூன். சளியோ ரத்தமோ தெரிகிற இடத்திலிருந்து எடுங்கள். சிறுநீரும் கழிப்பறைத் தண்ணீரும் கலக்கக் கூடாது. நீர்த்த மலமென்றால் அரை மணி நேரத்துக்குள் லேபில் பார்த்தாக வேண்டும். உயிரோடு நீந்துகிற ஒட்டுண்ணி, உங்கள் ஊர்ச் சோமாட்ணே பாட்டா சந்திப்பின் நெரிசலில் காத்திருக்காது, செத்துக் கரைந்துவிடும்.

கே: வெறும் வயிற்றில் கொடுக்கணுமா?

ப: வேண்டாம். வயிறு காலியென்றால் டப்பாவும் காலி.

கே: ரிப்போர்ட்டில் 'சிஸ்ட்: நில்' என்று வந்தது. பேதி மட்டும் நிற்கவில்லையே!
*- ஆலைத் தொழிலாளி, தளேகாவ்*

ப: 'சிஸ்ட்' என்பது ஒட்டுண்ணியின் கூடு. 'நில்' என்றால் 'பார்த்த துளியில் காணவில்லை' என்று அர்த்தம். 'வயிற்றில் இல்லை' என்று அர்த்தமில்லை. ஜியார்டியா தினமும் வெளியே வருவதில்லை. விட்டு விட்டுத்தான் வரும். ஒரு நாள் வாசலில் பால்காரர் வரவில்லை என்பதற்காக ஊரில் மாடே இல்லை என்பீர்களா? அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று மாதிரி கேட்கிறார்கள். கேட்டால் 'பில் ஏற்றுகிறார்கள்' என்று கோபிக்காதீர்கள்.

கே: மெடிக்கல் ஷாப்பில் வாங்கி இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு, அப்புறம் டெஸ்டுக்குப் போகலாமா?

ப: போலீஸ் வருகிறது என்று திருடனுக்கு நீங்களே போன் போட்டுச் சொல்கிற மாதிரி அது. ஒட்டுண்ணி சாகாது, பதுங்கும். ரிப்போர்ட் மட்டும் சுத்தமாக வரும். டெஸ்ட் முதலில், மாத்திரை டாக்டர் சொன்ன பிறகு. முன்னாலேயே போட்டிருந்தால் அதை லேபில் மறைக்காதீர்கள்.

கே: என் ரிப்போர்ட்டில் அமீபா என்று இருக்கிறது. ஆபத்தா?

ப: புனே மாவட்டத்தில் தளேகாவ் என்று சொன்னால் 'தாபாடேயா, டம்டேரேயா?' என்று கேட்பீர்கள் அல்லவா? அமீபாவையும் அப்படிக் கேட்க வேண்டும். குடலைத் துளைப்பது எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா. அச்சு அசலாக அதே முகத்தோடு, தொந்தரவில்லாமல் குடியிருப்பது எண்டமீபா டிஸ்பார். சிஸ்ட்டை நுண்ணோக்கியில் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அமீபாவின் வயிற்றில் ரத்தச் சிவப்பணு தெரிந்தால் சந்தேகம் முதலாமவன் மேல். உறுதி செய்ய ஆன்டிஜன் அல்லது பி.சி.ஆர். சோதனை.

கே: நாங்கள் கேன் தண்ணீர்தான் குடிக்கிறோம். எங்கள் குழந்தைக்கு ஒட்டுண்ணி எப்படி வரும்?

ப: இதே சந்தேகம் வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்களுக்கும் வந்தது. பாட்டில் தண்ணீர் குடித்த குழந்தைகளையும் குழாய்த் தண்ணீர் குடித்த குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். 2013-இல் வெளியான முடிவு: கிரிப்டோஸ்போரிடியம் என்கிற ஒட்டுண்ணியின் தொற்று பாட்டில் தண்ணீரால் குறையவில்லை. கை, தரை, பாத்திரம் என்று அதற்கு வழிகள் பல. குளோரினுக்கும் மசியாது, 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரக் குடிநீரில் புகுந்து சுமார் 4 லட்சம் பேரை வீழ்த்தியது. கொதிக்க வைத்தால் சாகும். இன்னொன்று: வழக்கமான மோஷன் டெஸ்டில் இது எளிதில் தப்பிவிடும். தனிச் சாயமேற்றிப் பார்க்க வேண்டும். டாக்டர் சீட்டில் எழுதினால்தான் லேபில் தேடுவார்கள்.

கே: 2025 ஜனவரியில் புனே சிங்ககட் சாலைப் பக்கம் கை கால் முடங்கும் நோய் பரவியதே, அதையும் இந்த டெஸ்டில் கண்டுபிடித்திருக்கலாமா?

ப: முடியாது. அது கிலன்-பாரே நோய்க்குறி, கிருமித் தொற்றுக்குப் பின் வரக்கூடிய நரம்பு நோய். நோயாளிகள் சிலரின் மலத்தில் சிக்கியது காம்பைலோபாக்டர் ஜெஜூனி. அது பாக்டீரியா, ஒட்டுண்ணி அல்ல. டப்பா ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு கிருமிக்கும் தனித் தனிக் கேள்வி. கேட்காத கேள்விக்கு லேப் பதில் சொல்லாது.

கே: இரண்டு நாள் பேதிக்கே டெஸ்டா?

ப: தேவைப்படாது. ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குடியுங்கள், பெரும்பாலும் தானே அடங்கும். இரண்டு வாரம் தாண்டினால் ஒட்டுண்ணியைத் தேட வேண்டும். ரத்தம், கடும் காய்ச்சல், குழந்தை சுருண்டு படுப்பது: இவற்றுக்கு நாள் கணக்கே கிடையாது, உடனே டாக்டர்.

கே: எல்லாம் சரி, எங்கள் தளேகாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா?

ப: சுதேசி இயக்கக் காலத்தில் ஆளுக்கு ஒரு பைசா என்று மக்களிடம் திரட்டிய பைசா நிதியில் கண்ணாடித் தொழிற்சாலை கண்ட ஊர் உங்களுடையது. திலகர் ஆதரித்த நிதி அது. நுண்ணோக்கியின் அடியில் வைக்கிற சில்லும் கண்ணாடிதானே! அன்று ஊர் கூடிப் பைசா கொடுத்தது. இன்று உங்களிடம் கேட்பது வெறும் கொட்டைப்பாக்கு அளவு. முகம் சுளிக்காமல் கொடுங்கள்.