சேஃப்டி தாத்தா

மும்பை வட்டாரத்தில், கல்யாண் சந்திப்பைத் தாண்டிக் கர்ஜத்தை நோக்கிப் போகும் மத்திய ரயில்வே தடத்தில் உள்ள அம்பர்நாத்தில், மாலை ஆறு மணிக்கு மேல் குழந்தைகள் காப்பகம் ஒன்றின் வாசலில் சிறிது நேரம் நின்றால், சட்டைப்பையில் இரண்டு பேனாவும் மஞ்சள் பையில் சுருள் டேப்பும் வைத்துக்கொண்டு, கதவின் கீலை அசைத்து அசைத்துப் பார்க்கும் முதியவர் ஒருவர் கண்ணில் படாமல் போகமாட்டார். அவரைப் பேரனை அழைத்துப்போக வந்தவர் என்று கருதுவது மேலோட்டமான பார்வை. பேரன் அவருக்கு நுழைவுச்சீட்டு மட்டுமே. வட்டாரத் தமிழர்கள் 'சேஃப்டி தாத்தா' என்று பெயர் வைத்திருக்கும் இந்த வகையினர், அரசு எவரையும் அனுப்பாத இடத்துக்குத் தம்மைத் தாமே அனுப்பிக்கொண்ட ஆய்வாளர்கள் ஆவர். அவர்களுக்கு ஊதியம் கிடையாது, அதிகாரம் கிடையாது, ஆகவே தாட்சண்யமும் கிடையாது.

இவ்வகையினர் இங்கே தழைத்ததற்கு ஊரின் வரலாறே காரணம். 1060-ஆம் ஆண்டுக் கல்வெட்டைக் கொண்ட சிவன் கோயிலால் அறியப்பட்டிருந்த அம்பர்நாத்தை, 1920-களில் வந்த விம்கோ தீப்பெட்டி ஆலையும், விடுதலைக்குப் பின் வளர்ந்த படைக்கலத் தொழிற்சாலைகளும், மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகமாகிய எம்.ஐ.டி.சி.யின் பேட்டையில் வரிசையாக எழுந்த ரசாயன ஆலைகளும் சேர்ந்து ஆலை ஊராக்கின. தீக்குச்சியும் தோட்டாவும் செய்து பிழைத்த ஊரில், தீயைக் கண்டு அஞ்சுவதற்கென்றே ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்தார்கள் என்பதில் வியப்பில்லை. 1976-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்ந்த 40-பி பிரிவு, ஆயிரமும் அதற்கு மேலும் தொழிலாளர் உள்ள ஆலைகளிலும் அபாயம் மிகுந்த ஆலைகளிலும் பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்றது. அந்தப் பதவிக்காகச் சயானில் உள்ள மத்தியத் தொழிலாளர் நிறுவனத்தில் பட்டயம் படித்து, மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாளில் பச்சை பேட்ஜ் குத்திக்கொண்டு, ஷிஃப்ட் தொடங்குமுன் தொழிலாளரை நிறுத்திவைத்து ஐந்து நிமிடம் எச்சரிக்கும் 'டூல்பாக்ஸ் டாக்' என்ற சிற்றுரையை ஆயிரக்கணக்கில் நிகழ்த்தியவர்தான், இன்று எச்சரிக்க ஆளின்றி வீட்டில் அமர்ந்திருக்கிறார்.

ஆலை வாழ்வில் அவருக்குக் குழந்தைகள் காப்பகத்தோடு தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில், ஆறு வயதுக்கு உட்பட்ட அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஓர் அறை ஒதுக்கப்பட வேண்டும் என்று 48-ஆம் பிரிவில் விதித்திருந்தது (தொடக்கத்தில் ஐம்பதாக இருந்த எண்ணிக்கையை 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் முப்பதாக்கியது). சட்டம் அறையைக் கேட்டது, அறை கட்டப்பட்டது. ரசாயன நெடியும் ஷிஃப்ட் சங்கும் நிறைந்த இடத்துக்குக் கைப்பிள்ளையைத் தூக்கிவர எந்தத் தாயும் துணியாததால், அத்தகைய அறைகளில் தொட்டில் இருந்தது, சுவரில் யானைப் படம் இருந்தது, மூலையில் சிவப்பு மணல்வாளி இருந்தது. குழந்தை மட்டும் இல்லை. அந்த அறையில் ஆண்டுக்கணக்கில் ஒரு சிராய்ப்புக்கூட நேரவில்லை என்று சான்றளித்த பெருமிதத்தோடு ஓய்வு பெற்றவர், குழந்தைகள் உள்ள காப்பகத்தை முதன்முதலில் கண்டபோது அதிர்ந்துபோனது இயல்பே.

காப்பகத்துக்கு மராட்டியில் பாள்ணாகர் என்று பெயர். பாள்ணா என்பது தொட்டில், கர் என்பது வீடு. இதற்கு மூத்த சொல் ஒன்று தமிழர் வாயிலும் உண்டு. தாராபாய் மோடக் என்ற கல்வியாளர், 1945-இல் அன்றைய தாணே மாவட்டத்துக் கடலோர ஊரான போர்டியில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பணியோடு பரவிய பால்வாடி என்ற சொல், குழந்தைகளின் தோட்டம் என்று பொருள்படுவது; அது தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது, 'பால்' என்ற முற்பாதியைப் பசுவோடு பொருத்திக்கொண்ட கிராமத்தார், பால் கொடுக்கும் இடம் போலும் என்று நம்பிப் பிள்ளைகளை அனுப்பினர். சேஃப்டி தாத்தாவுக்கு இந்தப் பெயர்கள் எவையும் உவப்பில்லை. தொட்டில் என்றால் கயிறு அறும், தோட்டம் என்றால் பூச்சி வரும் என்பது அவர் கட்சி.

அவர் குறுக்கிடுவதற்கு வழி திறந்துவிட்டது சட்டத்தின் இடைவெளிதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலைச் சட்டம் ஆலைக் காப்பகத்தைப் பார்த்துக்கொண்டது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியர் உள்ள நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னது. குடியிருப்புச் சொசைட்டியின் தரைத்தள வீட்டுக் கூடத்தில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு ஓர் அம்மையார் நடத்தும் பாள்ணாகரோ இவ்விரண்டுக்கும் இடையில் விழுந்துவிடுகிறது. அவரிடம் 'குமாஸ்தா லைசென்ஸ்' இருக்கலாம்; கடைகள், நிறுவனங்கள் சட்டப்படியான பதிவை மும்பையில் இப்படித்தான் அழைப்பர். அந்தத் தாள் வேலையாளின் நேரத்தையும் விடுமுறையையும் அறியுமேயன்றி, தாளைக் கிழித்துத் தின்னக்கூடிய வயதினரை அறியாது.

'ஆன்ட்டி' என்றே எல்லாராலும் அழைக்கப்படும் அந்த அம்மையாரின் கூடத்தில் சேஃப்டி தாத்தா நடத்தும் முதல் ஆய்வு பரப்பளவைப் பற்றியது. மகப்பேறு நலச் சட்டத்தை ஒட்டி மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், குழந்தைக்குக் குறைந்தது பத்து முதல் பன்னிரண்டு சதுர அடி வேண்டும் என்கின்றன. அந்நெறிகள் இந்த வீட்டைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் தாத்தாவைக் கட்டுப்படுத்துகின்றன. பதினைந்துக்குப் பத்து அடி கூடம் நூற்றைம்பது சதுர அடி; பத்தால் வகுத்தால் பதினைந்து பிள்ளைகள், பன்னிரண்டால் வகுத்தால் பன்னிரண்டரை, அரைப் பிள்ளைக்கு இடமில்லாமையால் பன்னிரண்டு. இரண்டு கணக்குக்கும் இடையிலுள்ள மூன்று பிள்ளைகளின் கட்டணத்தில்தான் உதவிக்கு வரும் பெண்ணின் சம்பளம் அடங்கியிருக்கிறது என்று ஆன்ட்டி சொல்ல, குளிர்சாதனப் பெட்டி நிற்கும் இடத்தைத் தரைக்கணக்கில் சேர்க்கலாமா என்று தாத்தா கேட்க, அதற்குள் பிள்ளைகள் டேப்பைக் கைப்பற்றி ஒருவர் இடுப்பில் ஒருவர் கட்டி ரயில் விடத் தொடங்கியிருப்பர்.

இரண்டாவது சிக்கல் கிரில். மும்பை வட்டாரத்து வீடுகளில் சன்னலுக்கும் பால்கனிக்கும் கூண்டுபோல இரும்புக் கிரில் அடிப்பதும், மரக்கதவுக்கு முன்னால் 'சேஃப்டி டோர்' என்ற இன்னொரு கதவு வைப்பதும் வழக்கம். குழந்தை வெளியே விழாமல் காப்பது கிரில். தீப்பிடித்தால் குழந்தையை வெளியே விடாமல் தடுப்பதும் அதே கிரில். வாசலைப் பூட்டாவிட்டால் பிள்ளை சாலைக்கு ஓடும், பூட்டினால் ஆபத்தில் சாவியைத் தேட வேண்டும். இந்த முரண்பாடு தாத்தாவின் கற்பனையில் பிறந்ததன்று, பாதுகாப்புத் துறையினர் எங்கும் எதிர்கொள்ளும் உண்மையான சங்கடம். ஆனால் அதைத் தீர்க்க அவர் முன்வைக்கும் திட்டம், சாவியை ஒரு கொக்கியில் மாட்டுவது, கொக்கியைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைப்பது, ஆன்ட்டிக்கும் எட்டாது என்பதால் கீழே ஒரு முக்காலி போடுவது, முக்காலியில் பிள்ளை ஏறிவிடும் என்பதால் முக்காலியைப் பூட்டி வைப்பது என்று விரிந்து, கடைசியில் முக்காலியின் சாவியை எங்கே மாட்டுவது என்ற இடத்தில் ஒத்திவைக்கப்படும்.

தீயணைப்பானைப் பொறுத்தவரை அவர் கறாரானவர். 2006-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரத் தீத்தடுப்பு, உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கட்டடத்தின் தீயணைப்பு ஏற்பாடுகள் நல்ல நிலையில் இருப்பதாக உரிமம் பெற்ற முகமையிடமிருந்து ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், 'படிவம் பி' என்ற சான்று பெற்றுத் தர வேண்டும். ஆகவே தை பிறந்தால் பிறருக்கு வழி பிறக்கிறது, சேஃப்டி தாத்தாவுக்குப் படிவம் பிறக்கிறது. ஆடி மாதம் பிறர் தள்ளுபடிக் கடைக்கு ஓட, அவர் சொசைட்டி செக்ரட்டரியின் வீட்டுக்கு நடக்கிறார். செக்ரட்டரி அவரைக் கண்டதும் மாடிப்படி வழியாக மேலே போய்விடுவது, அவசரகால வழி தடையின்றி இருப்பதற்குச் சான்றாகக் கொள்ளத்தக்கது.

அவருடைய அறிவு முழுமையாகத் தோற்கும் இடம் ஒன்று உண்டு. ஹெர்பர்ட் ஹைன்ரிச் என்ற அமெரிக்கர் 1931-இல் வெளியிட்ட நூலில், பெருங்காயம் ஒன்றுக்குப் பின்னால் சிறு காயங்கள் 29-உம், காயமில்லாமல் தப்பிய நிகழ்வுகள் 300-உம் இருக்கும் என்று ஒரு கணக்கு வைத்தார். பிற்கால ஆய்வாளர் பலர் அதை மறுத்தாலும் ஆலைகளில் அது வேதவாக்கு. இவ்வாறு தப்பிய நிகழ்வை 'நியர் மிஸ்' என்பர். விபத்தாக வேண்டியது, நூலிழையில் ஆகாமல் போனது என்று பொருள். காப்பகத்திலும் நியர் மிஸ் பதிவேடு வேண்டும் என்று வற்புறுத்தி, நீள நோட்டு ஒன்றைத் தாமே வாங்கித் தந்து, ஒரு நாள் காலை உட்கார்ந்து எழுதவும் தொடங்கினால், ஒரே ஒரு இரண்டு வயதுப் பிள்ளை மதியச் சாப்பாட்டுக்கு முன் முந்நூறைத் தாண்டிவிடுகிறது. தயிர்சாதத்தில் வழுக்கியது, செருப்பைக் கடித்தது, இன்னொரு பிள்ளையைக் கடித்தது, கடிபட்ட பிள்ளை திருப்பிக் கடித்தது என்று நோட்டு நிரம்ப, ஹைன்ரிச்சின் கணக்குப்படி பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நாள்தோறும் எத்தனை பெருங்காயம் நேர வேண்டும் என்று கூட்டிப் பார்த்த தாத்தா நோட்டை மூடிவைக்கிறார். மூலகாரணத்தைக் கண்டறிய 'ஏன்' என்று ஐந்து முறை கேட்க வேண்டும் என்ற டொயோட்டா முறையும் அங்கே எடுபடவில்லை. ஆலையில் மூன்றாவது 'ஏன்'-இலேயே ஃபோர்மேன் பணிந்துவிடுவார். காப்பகத்தில் கேள்வி கேட்பது மூன்று வயதுப் பேரன், பதினேழாவது 'ஏன்'-இல் பணிவது தாத்தா.

இவ்வளவு சிரித்த பின்னும், அவர் அச்சத்தை வெறும் வயோதிகத் தொல்லை என்று ஒதுக்கிவிட இயலாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் இறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த தமிழர் எவரும், குழந்தைகள் கூடும் இடத்தில் கூரையையும் படிக்கட்டையும் பாராமல் உட்காரமாட்டார். 2016 நவம்பரில் நவி மும்பையின் கார்கரில், காப்பகப் பணிப்பெண் ஒருத்தி பத்து மாதக் குழந்தையை அடிப்பது கேமராப் பதிவில் வெளிப்பட்டது. 2024 ஆகஸ்டில், அம்பர்நாத்துக்கு அடுத்த நிலையமான பத்லாபூரில், பள்ளி ஒன்றில் மழலை வகுப்புச் சிறுமிகள் இருவருக்கு நேர்ந்த கொடுமை வெளியாகி, மக்கள் தண்டவாளத்தில் இறங்கி மணிக்கணக்கில் ரயிலை மறித்தனர். அதன்பின் பணியாளர்களின் காவல்துறைச் சரிபார்ப்பைப் பற்றியும் கேமராப் பதிவு எத்தனை நாள் சேமிக்கப்படுகிறது என்பதைப் பற்றியும் தாத்தா கேட்டபோது, ஆன்ட்டி முகம் சுளிக்கவில்லை.

ஆனால் அவரும் சட்டமும் சேர்ந்து அளக்க மறந்த ஒன்று உண்டு, அது நேரம். 2018-ஆம் ஆண்டு நெறிகள் காப்பகம் எட்டு முதல் பத்து மணி நேரம் இயங்கும் என்று எடுத்துக்கொள்கின்றன. அம்பர்நாத்திலிருந்து மும்பையின் சி.எஸ்.எம்.டி. ரயில் முனையத்துக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர், லோக்கலில் ஒன்றரை மணி நேரம். ஒன்பது மணி நேர வேலைக்குப் போய்த் திரும்பும் தாய்க்குப் பன்னிரண்டு மணி நேரம் போதாது. மழைக்காலத்தில் தண்டவாளம் மூழ்கி லோக்கல் நின்றுவிட்டாலோ, பிள்ளைகள் ஆன்ட்டியின் வீட்டிலேயே ரசம்சாதம் உண்டு, அவர் பழைய புடவையில் படுத்துத் தூங்குகின்றனர். அந்த இரவை எழுதுவதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. அந்த இரவுக்கு ஆன்ட்டி கட்டணம் வாங்குவதும் இல்லை.

அடையாள அட்டை பாராமல் எவரிடமும் குழந்தையை ஒப்படைக்கலாகாது என்ற விதியைக் கொட்டை எழுத்தில் எழுதி, லேமினேட் செய்து, வாசலில் ஒட்டியவர் சேஃப்டி தாத்தாவே. கொட்டும் மழையில் ஒரு மாலை அட்டையை மறந்து வந்து நின்ற அவரிடம், "அங்கிள், கார்டு காட்டுங்க" என்றார் ஆன்ட்டி. "என்னைத் தெரியாதாம்மா உனக்கு? தினம் வர்றேனே!" என்றார் அவர். "தெரிஞ்சவங்கன்னு விடக்கூடாதுன்னு நீங்கதானே அங்கிள் மூணாவது பாயிண்டா எழுதியிருக்கீங்க" என்று ஆன்ட்டி சுவரைக் காட்ட, குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் ஆதார் அட்டையோடு திரும்பிய தாத்தா, பதிவேட்டில் கையெழுத்திட்டு, நேரம் 7.10 என்று குறித்து, அட்டையில் பெயரை மட்டுமே சரிபார்த்தார்கள், படத்தை முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்று குறிப்புப் பகுதியில் எழுதிவிட்டுத்தான் பேரனை அழைத்துச் சென்றார்.