நார்மலா, பவரா? ஓர் அளவையியல் ஆய்வு

பெட்ரோல் பங்கில் மீட்டரின் ஸீரோவைப் பார்த்துத் தலையாட்டுவதற்கும் குழாய் டேங்குக்குள் இறங்குவதற்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் ஊழியர் கேட்கும் "நார்மலா, பவரா சார்?" என்ற வினா, தமிழ்நாட்டின் தீராத தத்துவச் சிக்கல்களுள் ஒன்று. இருமை ஒருமை குறித்து நூலும் உரையும் உரைக்கு உரையும் கண்ட நாட்டில், இந்த இருமைக்கு மட்டும் முறையான உரை தோன்றாதது பெருங்குறை. பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒன்றை உண்மை என்று எப்படி அறிவது? மணிமேகலையின் சமயக் கணக்கர் தந்திறம் கேட்ட காதை அதற்குப் பத்து அளவைகளை அடுக்குகிறது. லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் விவகாரத்துக்குப் பத்தும் தேவையில்லை. ஐந்து போதும்.

முதலில் ஐதிகம். 'இந்த மரத்தில் பேய் உண்டு' என்று ஊர் சொல்வதை அப்படியே நம்புவதுதான் இந்த அளவைக்குக் காப்பியம் தரும் எடுத்துக்காட்டு. "பவர் போட்டா வண்டி சும்மா வழுக்கிக்கிட்டுப் போகும்" என்பதும் இதே இனம். சொன்னவர் மச்சான், மச்சானுக்குச் சொன்னவர் அவருடைய மேனேஜர், மேனேஜருக்குச் சொன்னவர் மெக்கானிக். மெக்கானிக்கைக் கேட்டால் "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க சார்" என்பார். மரம் மாறியிருக்கிறது, பேய் அதேதான்.

அடுத்தது காண்டல், அதாவது நேரில் கண்ட சான்று. "போட்ட உடனே பிக்கப் தெரியுது" என்பவர்கள் இக்கட்சியினர். இவர்கள் பொய் சொல்வதில்லை. காசு கூடக் கொடுத்தவர் கால் கொஞ்சம் நம்பிக்கையோடு ஆக்சிலரேட்டரை மிதிக்கிறது, காதும் கூர்மையாகிறது. இந்த மனக்கலப்பை நீக்க வேண்டுமானால் வண்டியை ரோட்டிலிருந்து எடுத்து உருளைமேல் ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்க மோட்டார் சங்கமான ட்ரிபிள் ஏ 2016-இல் அதைத்தான் செய்தது. சாதாரண பெட்ரோலுக்கென்றே வடிவமைத்த நான்கு, ஆறு, எட்டு சிலிண்டர் எஞ்சின்களில் பிரீமியத்தை ஊற்றி, குதிரைத்திறன், மைலேஜ், புகை மூன்றையும் அளந்தது. சொல்லும்படியான வித்தியாசம் எதிலும் இல்லை. தேவையே இல்லாமல் பிரீமியம் போட்ட 1 கோடியே 65 லட்சம் அமெரிக்கர்கள் ஓராண்டில் 210 கோடி டாலரை வீணாக்கியதாகவும் அது கணக்குக் காட்டியது. மச்சான்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

ஏன் வித்தியாசம் இல்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பிரீமியத்தில் கூடுதலாக இருக்கும் ஆக்டேன் எண்ணைப் பெட்ரோலின் வீரியம் என்று எண்ணுவதே எல்லாக் குழப்பத்துக்கும் வேர். அது வீரியமன்று, பொறுமை. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து நசுங்கும், நசுங்கினால் சூடேறும், ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் தீ அங்கிருந்து ஒழுங்காகப் பரவ வேண்டும். பொறுமையற்ற பெட்ரோல் அந்தத் தீ வந்து சேரும்வரை காத்திராமல் மூலையில் தானாகவே வெடிக்கும். பழைய வண்டிகள் மேட்டில் ஏறும்போது 'டக டக'வென்று தட்டும் சத்தம் அதுதான், நாக்கிங் என்பார்கள். இந்த அவசரத்தை எவ்வளவு அடக்கும் என்பதைச் சொல்வதே ஆக்டேன் எண். பெட்ரோலுக்குள் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

இந்த எண் பிறந்தது 1926-இல். எத்தில் கார்ப்பரேஷன் ஆய்வுக்கூடத்தில் கிரஹாம் எட்கர் இரண்டு திரவங்களை எடுத்துக்கொண்டார். கடைசிவரை பொறுத்துக்கொள்ளும் ஐசோஆக்டேனுக்கு 100. கொஞ்சமும் பொறுக்காத ஹெப்டேனுக்கு ஸீரோ. அன்று அந்த ஹெப்டேன் கிடைத்த இடம் கலிபோர்னியா மலைகளில் வளரும் ஜெஃப்ரி பைன் மரத்தின் பிசின். ஆக, 91 என்றால் 91 பங்கு ஐசோஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை சோதனை எஞ்சினில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடந்துகொள்ளும் பெட்ரோல் என்று பொருள். எஞ்சின் கொடுக்கும் அழுத்தம் 91-க்குள் அடங்கிவிட்டால் மிச்சப் பொறுமைக்கு அங்கே வேலை கிடையாது.

ஆக்டேன் வேறு, ஆற்றல் வேறு என்பதற்கு மறுக்கமுடியாத சான்று நம் பங்குகளிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது: எத்தனால். அதன் ஆக்டேன் 108-ஐ ஒட்டியது. எந்தப் பிரீமியமும் அதன் முன் நிற்க முடியாது. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 அறிமுகமான பிறகு, ஆக்டேன் ஏறியது, மைலேஜ் சற்று இறங்கியது. இ20-க்கு ஆக்டேன் குறைந்தது 95 இருக்க வேண்டும் என்பது தர விதி. பழைய பிஎஸ்6 பெட்ரோலுக்கு 91-தான். எக்ஸ்பி95, பவர்95 என்று 95-ஐப் பெயரிலேயே எழுதி வைத்த பிரீமியங்கள் இருக்க, நார்மலும் சத்தமில்லாமல் அதே படியில் வந்து உட்கார்ந்துவிட்டது. எத்தனாலால் மைலேஜ் போச்சு என்று புலம்பிவிட்டு, ஆக்டேன் கூட என்று பவர் போடுகிறவரின் உள்ளத்தில் இரண்டு தரிசனங்கள் ஒருங்கே குடியிருக்கின்றன.

மூன்றாவது கருதல், அதாவது ஊகம்: விலை அதிகம், ஆகவே சரக்கு உசத்தி. பட்டுப்புடவைக் கடையில் ஓரளவு செல்லுபடியாகும் இந்த ஊகம் பங்கில் தடுமாறுகிறது. நம் நாட்டு எக்சைஸ் வரிப் பட்டியலில் பிராண்டுப் பெயர் இல்லாமல் விற்கும் பெட்ரோல், பெயரோடு விற்கும் பெட்ரோல் என்று இரண்டு இனங்கள் உண்டு. பெயருள்ளதற்கு லிட்டருக்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேல் கூடுதல் வரி. ஆக, கூடக் கொடுக்கும் காசில் ஒரு பகுதி எஞ்சினுக்குப் போகவில்லை, பெயர்சூட்டு விழாவுக்குப் போகிறது. அமெரிக்காவில் எக்ஸான் தன் பிரீமியம் பராமரிப்புச் செலவைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்தபோது மத்திய வர்த்தக ஆணையம் ஆதாரம் கேட்டது. 1997-இல் சமரசமாகி, பெரும்பாலான கார்களுக்குச் சாதாரண ஆக்டேனே போதும் என்று அந்த நிறுவனமே விளம்பரம் செய்ய ஒப்புக்கொண்டது.

"கார்பனைக் கழுவுமே?" என்பது இங்கே எழும் தடை. பிரீமியத்தில் கழுவும் ரசாயனம் கூடுதலாகச் சேர்க்கிறார்கள் என்பது மெய். அதற்கும் ஆக்டேனுக்கும் உறவில்லை என்பதும் மெய். பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும் டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் அது இன்டேக் வால்வைத் தொடுவதே இல்லை. தொடாததை எப்படிக் கழுவும்?

நான்காவது ஆகமம், அதாவது நூலின் வாக்கு. இது கிளவ் பாக்ஸில், பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல், இன்ஷூரன்ஸ் நகலுக்கும் பழைய டோல் ரசீதுக்கும் அடியில் இருக்கிறது. ஓனர்ஸ் மேனுவல் என்ற அந்த நூலை ஓதியவர் அரிது. சாரம் மட்டும் பெட்ரோல் மூடியின் உட்புறம் சீட்டாக ஒட்டியிருக்கும். 91 என்றிருந்தால் விவாதம் அங்கேயே முடிந்தது. சில டர்போ கார்களில் 95 பரிந்துரை, 91 குறைந்தபட்சம் என்றிருக்கும். அந்த வண்டிகளுக்கு ஆகமம் உண்மையாகவே விலக்களிக்கிறது. டர்போ காற்றை அழுத்தித் திணிக்கும். வெயில் காலத்தில் ஐந்து பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால், நாக் சென்சார் தட்டும் சத்தத்தைக் கேட்டுப் பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போடும். இழுவை குறையும். அங்கே மட்டும் கூடுதல் பொறுமைக்குக் கூலி கிடைக்கும்.

எவ்வளவு கூலி? ட்ரிபிள் ஏ அடுத்த ஆண்டே, பிரீமியம் பரிந்துரைக்கப்பட்ட வண்டிகளைத் தனியாகச் சோதித்தது. சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதமும் குதிரைத்திறன் 1.4 சதவீதமும் கூடின. இதை நம் ஊர்க் கணக்கில் வைப்போம். நார்மல் 101 ரூபாய், பிரீமியம் 109 ரூபாய் என்று கொண்டால், போட்ட காசு திரும்ப மைலேஜ் ஏறத்தாழ 8 சதவீதம் கூட வேண்டும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடி லிட்டருக்கு 15 கொடுக்கும் கார், ஆண்டுக்கு 800 லிட்டர் குடிக்கும். கூடுதல் செலவு 6,400 ரூபாய். டயரில் காற்று சரியாக இருந்தாலே மைலேஜ் தேறும். 2020 டிசம்பரில் டெல்லியில் லிட்டர் 160 ரூபாய்க்கு அறிமுகமான எக்ஸ்பி100-ஐ ஆல்டோவில் ஊற்றுகிறவரை இந்த ஆய்வு கணக்கில் சேர்க்கவில்லை. அது பக்தி மார்க்கம்.

எஞ்சியது அபாவம். ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்று அறிவது. நடைமுறையில் மற்ற நான்கையும் இது வென்றுவிடுகிறது, ஏனெனில் இதன் வாய்பாடு மிகச் சுருக்கமானது: "நார்மல் இல்ல சார், பவர்தான் இருக்கு." இந்த இன்மை மெய்யா, தோற்றமா என்று காரை விட்டு இறங்காமலேயே சோதிக்கலாம். பக்கத்தில் இருசக்கர வாகன வரிசையை எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே நூறு ரூபாய்க்கு நார்மல் இறங்கிக்கொண்டிருந்தால், வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி அதே குழாயைக் கேட்கலாம். அங்கும் இல்லையென்றால் இருநூறு ரூபாய்க்குப் பவரே போட்டுக்கொள்ளலாம். எஞ்சினுக்கு ஒரு கெடுதலும் வராது.