கதையைச் சொல்லாத உத்தமர்

பெங்களூரில் எந்த அலுவலகத்தை எடுத்துக்கொண்டாலும் அங்கே க்ளைமாக்ஸ்காரர் ஒருவர் இருப்பார். ஒயிட்ஃபீல்டோ மான்யதாவோ, திங்கட்கிழமை பதினொரு மணிக்கு தர்ஷினி வாசலில், பை-டூ காபியில் தன் பங்கைக் கையில் பிடித்தபடி நிற்பார். வெள்ளிக்கிழமை வந்த படத்தை வெள்ளிக்கிழமையே பார்த்தவர். யாரும் கேட்பதற்கு முன்பே சத்தியம் செய்துவிடுவார்: "கதையைச் சொல்ல மாட்டேன் சார். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்."

சொல்லவும் மாட்டார். அந்த விஷயத்தில் அரிச்சந்திரன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "ஆனா அந்தக் கடைசிப் பத்து நிமிஷம் இருக்கே..." என்று இழுத்து, கண்ணை மூடித் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான். அதற்கு முந்தைய இரண்டரை மணி நேரம் நமக்குப் போய்விட்டது.

"கொலை பண்ணது தம்பி" என்று எவனாவது உளறிவிட்டால்கூடப் பரவாயில்லை. தம்பி மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு மிச்சத்தை நிம்மதியாகப் பார்க்கலாம். முடிவு தெரிந்துவிட்டால் ருசி போய்விடும் என்பதே அவ்வளவு நிச்சயமில்லை. 2011இல் கலிஃபோர்னியாவில் இரண்டு உளவியலாளர்கள் சிறுகதைகளைக் கொடுத்துச் சோதித்தபோது, முடிவு முன்பே தெரிந்தவர்கள்தான் பெரும்பாலும் கூடுதலாக ரசித்தார்கள். நம்மவர் செய்வது வேறு. முடிவைச் சொல்லாமல், முடிவில் என்னமோ இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறார். அதனால் நமக்கு வாட்ச்மேன் மேல் சந்தேகம், பாட்டி மேல் சந்தேகம். பால்காரர் இடது கையால் பால் ஊற்றினால் பக்கத்தில் இருப்பவரை இடித்து, "பாத்தியா?" என்கிறோம். கடைசியில் நாயகன் ரயில் ஏறாமல் பிளாட்பாரத்தில் திரும்பி நடக்கிறான். அருமையான முடிவு. யாரும் ஒன்றும் சொல்லாமல் போயிருந்தால் வீடு வரைக்கும் பேச்சே வந்திருக்காது. இப்போதோ, "இவ்வளவுதானா?" என்று பார்க்கிங் டோக்கனைத் தேடுகிறோம்.

இந்த ஊர் அவருக்கென்றே அமைந்த ஊர். மற்ற ஊர்களில் படத்தின் முடிவு படத்தோடுதான் வரும். இங்கே வேறொரு மொழியில் முன்கூட்டியே வந்து இறங்கிவிடும். 2013 கடைசியில் மலையாள 'த்ருஷ்யம்' பார்த்தார். 2014இல் ரவிச்சந்திரன் நடித்த கன்னட 'த்ருஷ்யா' பார்த்தார். 2015இல் கமலின் 'பாபநாசம்' வந்தபோது திரைப்பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்து வரிசை முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடம் வருவதற்குச் சரியாக ஒரு நிமிடம் முன்னால், "இப்போ பாருங்க" என்று ஒரு முணுமுணுப்பு.

அவர் புகழின் உச்சியில் இருந்தது 2010 பிப்ரவரி 26 முதல் சில வாரங்கள். கௌதம் மேனன் ஒரே கதையை ஒரே நாளில் இரண்டு மொழியில் வெளியிட்டார். 'விண்ணைத்தாண்டி வருவாயா'வில் கார்த்திக்கும் ஜெஸ்ஸியும் பிரிகிறார்கள். தெலுங்கு 'ஏ மாயா சேசாவே'யில் சேர்ந்துவிடுகிறார்கள். இரண்டும் ஓடிய ஊரில் நம்மவர் டாக்டர் சீட்டு எழுதிக்கொடுப்பதுபோல ஆள் பார்த்து அனுப்பினார். நிச்சயதார்த்தம் ஆனவர்களுக்குத் தெலுங்கு, காதல் முறிந்தவர்களுக்குத் தமிழ். வேடிக்கை என்னவென்றால், தெலுங்கை முதலில் பார்த்தவர்கள் தமிழைப் பார்த்துவிட்டு ஏமாற்றிவிட்டதாகக் கோபித்தார்கள். தமிழை முதலில் பார்த்தவர்களோ, தெலுங்கில் அந்தக் கல்யாணம் ஒட்டவே இல்லை என்றார்கள். எது முதலில் கண்ணில் பட்டதோ அதுதான் அவர்களுக்கு நடந்த கதை, மற்றது யாரோ மாற்றி எழுதியது. 1998இல் ஃபாசிலின் 'ஹரிகிருஷ்ணன்ஸ்' கேரளத்துக்குள்ளேயே இரண்டு முடிவுகளோடு ஓடியது. ஒரு பிரதியில் கதாநாயகி மம்மூட்டிக்கு, இன்னொரு பிரதியில் மோகன்லாலுக்கு. இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். "அப்ப நான் ஸ்கூல் படிச்சிட்டிருந்தேன் சார், வீணாப் போச்சு."

அல்சூர்ப் பக்கத்துப் பழைய தமிழர்களிடம் மட்டும் இவர் பருப்பு வேகாது. பாலசந்தரின் 'மரோ சரித்ரா' 1978இல் வந்த தெலுங்குப் படம், கறுப்பு வெள்ளை. பெங்களூர் கல்பனா தியேட்டரில் 693 நாள் ஓடியதாகக் கணக்குச் சொல்வார்கள். கடைசியில் கமலும் சரிதாவும் செத்துப்போகிறார்கள் என்பது இரண்டாவது மாதமே ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் நம்மவர் தன் பாணியில், "அந்தக் கடைசிப் பத்து நிமிஷம்..." என்று ஆரம்பித்தார். பெரியவர் நிதானமாகச் சொன்னார்: "சாவாங்கன்னு தெரிஞ்சேதான் தம்பி திரும்பத் திரும்பப் போனோம். இன்னிக்காவது பொழச்சுப்பாங்களான்னு பாக்க." நம்மவர் பதில் பேசாமல் காபியை முடித்த ஒரே நாள் அது.

அவருடைய குலதெய்வம் உபேந்திரா. கதையைப் பின்னாலிருந்து முன்னால் சொன்ன 'ஏ' படத்தை 1998இல் 'புத்திசாலிகளுக்கு மட்டும்' என்று போஸ்டரிலேயே போட்டு விற்றவர். புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள எவனுக்குத் தைரியம் வரும்? இரண்டாவது டிக்கெட் வாங்கினார்கள். ஆனால் 2024 டிசம்பரில் வந்த 'யூஐ'யில் அதே உபேந்திரா பக்தனையே சோதித்துவிட்டார். புத்திசாலியாக இருந்தால் எழுந்து போய்விடு, முட்டாளாக இருந்தால் முழுப் படத்தையும் பார் என்று ஆரம்பத்திலேயே எழுத்துப் போட்டார். அரங்கில் ஒருவரும் அசையவில்லை. நம்மவர் எழுந்தார். உட்கார்ந்திருந்தால் அறிவு போகும், வெளியே போனால் டிக்கெட் காசு போகும். இரண்டையும் யோசித்து, வெளியேறும் கதவு வரை போய், அங்கேயே நின்றபடி முழுப் படத்தையும் பார்த்தார்.

படிப்பு என்று அவருக்கு ஒன்று உண்டென்றால் அது 'லூசியா'. 2013இல் பவன் குமார் பொதுமக்களிடம் பணம் திரட்டி எடுத்த கன்னடப் படம். தமிழில் சித்தார்த் நடித்து 'எனக்குள் ஒருவன்' ஆனது. தியேட்டரில் டார்ச் அடிக்கும் ஒருவனின் வாழ்க்கை கலரில் வரும், ஒரு நட்சத்திர நடிகனின் வாழ்க்கை கறுப்பு வெள்ளையில் வரும். கலர்தான் நிஜம் என்று நாமாகவே முடிவுகட்டி உட்கார்ந்திருப்போம். கடைசியில் கலர்தான் கனவு. (பத்து வருடத்துக்கு மேலாயிற்று, சொல்லலாம்.)

சமீபத்தில் இவரோடு ஒரு சாதாரணக் குடும்பப் படத்துக்குப் போனேன். காதலித்தார்கள், மாமா முறைத்தார், மாமா மனம் மாறினார், தாலி கட்டினார்கள். படம் முடிந்தது. நம்மவர் எழுந்திருக்கவில்லை. லைட்மேன் பெயர் போனது, வேன் டிரைவர்கள் பெயர் போனது, துடைப்பத்தோடு ஆள் வந்து பாப்கார்னைப் பெருக்க ஆரம்பித்தார்.

"கிளம்பலாமா சார்? கல்யாணம் ஆயிடுச்சே."

பரிதாபமாக என்னைப் பார்த்தார். "ஆயிடுச்சுன்னு நீங்களும் நம்பிட்டீங்களா? படம் பூரா கலர்ல இருந்துச்சே, கவனிக்கலையா?"