காத்தைப் பொறுத்து

போன தையில் எங்கள் வீட்டு வாட்ஸ்அப்பில் ஒரு புதுக் குழு முளைத்தது. பெயர் 'கிரீஸ்'. பெங்களூரில் இருக்கும் மகள், மருமகன், நான் என்று மூன்றே பேர். என் மனைவி அதில் இல்லை. அறந்தாங்கி போகிற பஸ்ஸிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு உட்காருகிறவள், "கப்பலா? ஆளை விடுங்க" என்று முதல் நாளே கும்பிட்டுவிட்டாள்.

பயணம் செப்டம்பரில். ஏற்பாடு தையிலேயே தொடங்கிவிட்டது. மகள் ஒரு எக்செல் தாள் அனுப்பினாள். ஏதென்ஸ் பக்கத்து பிரேயஸ் துறைமுகத்தில் கப்பலேறி பாரோஸ், அங்கிருந்து நாக்ஸோஸ், அங்கிருந்து சாண்டோரினி, மறுபடி பிரேயஸ். தீவுக்கு ஒரு வரிசை. கப்பல் புறப்படும் நேரம், சேரும் நேரம், கட்டணம், மேல்தளமா உள்ளிருக்கையா, பெட்டி எத்தனை கிலோ, காலைச் சாப்பாடு விடுதியில் உண்டா என்று கட்டம் கட்டமாகப் போனது. கடைசியாக மஞ்சள் அடித்த ஒரு கட்டம், 'திரும்பும் நாள்'. வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போனால்தான் அது வரும். என் கைப்பேசியில் அதுவரை தள்ளிப் பார்ப்பதற்குள் கட்டைவிரல் மரத்துப்போகும்.

ஏன் செப்டம்பர் என்று கேட்டேன். ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஏஜியன் கடலில் மெல்தெமி என்று ஒரு வடகாற்று வீசுமாம். அது மிஞ்சிப்போனால் துறைமுகத்தில் கப்பலை அவிழ்க்கவே விடமாட்டார்களாம். "அப்ப போனா ஏதாவது ஒரு தீவுல மாட்டிக்குவோம்ப்பா" என்றாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவன் நான். 'மத்தியதரைக் கடல் தட்பவெப்பம்: கோடையில் வறட்சி, குளிர்காலத்தில் மழை' என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்! ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மழையைப் பார்க்கிற மணமேல்குடிப் பிள்ளைகள், "நம்ம ஊரு மாதிரியா சார்?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். மெல்தெமி பாடப்புத்தகத்தில் இல்லை. ஆனால் காற்றுக்குப் பயந்து மாதம் பார்ப்பதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலேயே பார்த்தது.

அப்பாவைப் பெற்றவரை எங்கள் பக்கம் அய்யா என்போம். எங்கள் அய்யாவுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு வேலை. வருஷத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. இங்கிருந்து தென்கிழக்கே தோணி விட்டால் நேர்கோட்டில் நெடுந்தீவு எண்பது கிலோமீட்டருக்குள்தான். மதுரைக்குப் போவதை விடக் கிட்டம். எங்கள் ஊரிலிருந்து வெளியே போய்ப் பேர் வாங்கியவர்களில் மூத்தவர் குலச்சிறை நாயனார். பாண்டியனுக்கு மந்திரியாக இருந்தவர். அவரே மதுரைவரைக்கும்தான் போனார்.

அய்யாவின் பயணத் திட்டத்தை அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். தோணித் தண்டையல் சாயங்காலம் கரையில் நின்று வானத்தைப் பார்ப்பான். "இன்னிக்கு ராத்திரி விடலாம்" என்று ஆள் அனுப்புவான். அவ்வளவுதான், பயணம் முடிவாகிவிட்டது. கட்டுச்சோறு, ஒரு பானை தண்ணீர், அவல், கருப்பட்டி, வெற்றிலைப் பை. இருக்கைக்கு முன்பதிவு கிடையாது. ஆடு ஏற்றிய தோணியென்றால் ஆடுகளுக்கு நடுவில், நெல் மூட்டையென்றால் மூட்டைமேல். ஊர்காவற்றுறையில் இறங்கி இரண்டு நாள்வரைக்கும் தன்மேல் ஆட்டு வாடை போகாது என்பாராம். மேல்தளத்துக்குக் கூடுதலாக எத்தனை யூரோ என்று மருமகன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "லைவ்ஸ்டாக் கேரியர்" என்று முனகிவிட்டுக் கணக்கைத் தொடர்ந்தார்.

கச்சானில் போய் வாடையில் திரும்புவது கணக்கு. ஆனி, ஆடியில் மேல்காற்று தோணியைக் கிழக்கே தள்ளும். ஐப்பசிக்குமேல் வடகிழக்கிலிருந்து வாடை இறங்கினால் இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்க்கும். இடையில் அவசரம் என்றால் அவசரம் காத்திருக்கவேண்டும். யாராவது வந்து "எப்ப வர்றாக?" என்று கேட்டால் அப்பத்தா கீற்று முடைகிற கையை நிறுத்தாமல், "காத்தைப் பொறுத்து" என்பாள்.

மகள் கிரீஸ் பற்றிப் படிக்கச் சொல்லி நான் ஒடிசியஸ் கதையைத் திரும்பப் படித்தேன். அவனுக்கும் இதே சங்கடம்தான். காற்றுகளையெல்லாம் ஒரு தோல்பையில் கட்டிக் கொடுத்தான் ஏயலஸ். சொந்தத் தீவு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கூட வந்தவர்கள் பையை அவிழ்த்துவிட்டார்கள். வீடு வந்து சேரப் பத்து வருஷம். அந்தக் காத்திருப்பில் அவன் பெண்டாட்டி பகலில் நெய்து ராத்திரியில் பிரித்துப் போட்டாளாம். அப்பத்தாவுக்கு அந்த வசதி இல்லை. முடைந்த கீற்றைப் பிரித்துப் போட்டால் மறுநாள் அடுப்பு எரியாது. நூறு கீற்று இவ்வளவு என்று விற்றுத்தான் என் அப்பாவைப் படிக்கவைத்தாள்.

அய்யாவிடம் ஒரு பழக்கம். தோணியேறப் போகுமுன் காதிலிருந்த சிவப்புக்கல் கடுக்கனைக் கழற்றி அப்பத்தா கையில் கொடுத்துவிடுவார். கடலில் கள்ளன் பயம் என்று அவர் சொல்வார். 'திரும்பி வருவேன்' என்பதற்கு ஈடு அது என்று அப்பத்தா நினைத்தாள். இரண்டு பேரும் கடைசிவரை இதைப் பேசித் தீர்த்துக்கொள்ளவில்லை.

முறையான வழியும் இருந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து எழும்பூரில் ரயிலேறினால் தனுஷ்கோடி, அங்கே நீராவிக் கப்பல், அப்புறம் தலைமன்னார், மறுபடி ரயில், கொழும்பு. போட் மெயில் என்றால் அப்போது அதுதான். கடல் வெறும் இருபத்திரண்டு மைல். துரைமாரும் வியாபாரிகளும் அதில் போனார்கள். தோட்டக் கூலிக்குப் போனவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய்நொடி பார்த்து, அப்புறம்தான் ஏற்றினார்கள். அய்யா ஒரே ஒரு தடவை அப்படிப் போய்விட்டு, "ஊரைச் சுத்தி வீட்டுக்குள்ள போற மாதிரி" என்று விட்டுவிட்டார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து 'ராமானுஜம்' கப்பல் ஓடியது. எண்பதுகளில் சண்டை மூண்டு அதுவும் நின்றது.

அதற்கு வெகு முன்பே அய்யாவின் கதை மாறிவிட்டது. 1948-இல் இலங்கை குடிவரவுச் சட்டம் கொண்டுவந்தது. அதுவரை தோணியில் போய்வந்த கணக்குப்பிள்ளை, சட்டம் வந்த பிறகு அதே தோணியில் போனபோது கள்ளத்தோணி ஆனார். காற்றுக்கு இது தெரியாது. கச்சான் வழக்கம்போல் கிழக்கே தள்ளிக்கொண்டுதான் இருந்தது. அப்பத்தா மட்டும் ஒன்றைக் கவனித்தாள்: அந்த முறை அவர் கடுக்கனைக் கழற்றவில்லை. திரும்பி வர மூன்று வருஷமானது. வந்தபோது காதில் கடுக்கன் இல்லை. எங்கே என்று அவள் கேட்கவுமில்லை. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஒரு சித்தப்பா இருப்பதாகக் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. விசேஷ வீடுகளில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது மட்டும் அது தலைகாட்டும்.

திரும்பி வருவதற்கு ஈடு கேட்கிற வழக்கத்தை ஐரோப்பாக்காரர்களும் கைவிடவில்லை. ஷெங்கன் விசாவுக்கு ஆளுக்குத் தொண்ணூறு யூரோ கட்டணம். முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. வங்கிக் கணக்கு நகல், வருமானவரி நகல், தங்குமிடச் சீட்டு, போகவர விமானச் சீட்டு. இதற்கெல்லாம் மேலே ஒரு கடிதம்: ஏன் வருகிறேன், முக்கியமாக, ஏன் திரும்பிப் போவேன். ஓய்வூதியப் புத்தகத்தை நகலெடுத்தேன். வீட்டு வரி ரசீதையும் எடுத்தேன். "மணமேல்குடியில் எனக்குச் சொந்த வீடும் மனைவியும் உள்ளனர்" என்று எழுதினேன். வீடு உள்ளனரா என்று வாத்தியார் புத்தி இடித்தது. அடித்துவிட்டு, "வீடு உள்ளது, மனைவி உள்ளார்" என்று திருத்தினேன். மனைவி எட்டிப் பார்த்து, "முதல்ல என்னை எழுதக் கூடாதா?" என்றாள்.

ஒரு காலத்தில் இந்தக் கடிதமெல்லாம் கேட்காமல் அவர்கள் இந்தப் பக்கம் வந்துபோனார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. எங்களுக்குத் தெற்கே வைகை கடலில் சேருகிற அழகன்குளத்தில் தோண்டினால் ரோமானியக் காசு கிடைக்கிறது. அரிக்கமேட்டில் கிடைத்த மதுச்சாடிகளில் கணிசமானவை கிரேக்கத்துக் கோஸ் தீவின் பாணியில் வனைந்தவை. அந்தக் கோஸை மகள் 'ரொம்பத் தள்ளி இருக்கு' என்று தாளிலிருந்தே எடுத்துவிட்டாள். அதன் பாணிச் சாடி இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இங்கே வந்துவிட்டது. நாங்கள் அங்கே போவதற்குத்தான் தேதி கிடைக்கவில்லை.

உண்மையிலேயே கிடைக்கவில்லை. விசா மையத்தில் நேர்முகத்துக்கு நாள் வாங்கவேண்டும். சித்திரை முழுக்க மகள் விடியற்காலையில் எழுந்து கணினியைத் திறந்து பார்த்தாள். ஒரு நாளும் காலியில்லை. ஆனியில் அவளுக்குச் சலித்துவிட்டது. 'கிரீஸ்' குழுவின் பெயர் ஒரு ராத்திரியில் 'யாழ்ப்பாணம்' என்று மாறியது.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு இப்போது கப்பல் ஓடுகிறது. 2023 அக்டோபர் 14-ஆம் தேதி 'செரியபாணி' என்ற கப்பலைப் பிரதமர் காணொளியில் கொடியசைத்து அனுப்பிவைத்தார். நாற்பது வருஷம் கழித்து ஓடிய கப்பல். ஒரு வாரம்கூட ஆகவில்லை, வடகிழக்குப் பருவமழையைச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' ஓடுகிறது. நூற்றைம்பது பேர் உட்காரலாம். ஏறத்தாழ அறுபது கடல்மைல், நான்கு மணிநேரம். மழைக்காலம் வந்தால் அதுவும் கரையில் கட்டிக்கிடக்கும். இலங்கைக்கான அனுமதியை வீட்டிலிருந்தபடியே இணையத்தில் வாங்கிவிடலாம். ஏன் திரும்புவேன் என்று கடிதம் எழுதவேண்டியதில்லை.

மகளின் புதுத் தாளில் அதே கட்டங்கள், ஊர்கள் மட்டும் வேறு. காங்கேசன்துறை, யாழ்ப்பாணம், அங்கிருந்து பஸ்ஸில் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கே படகேறினால் நயினாதீவு, நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே கரையில். மறுபடி குறிகட்டுவான் வந்து வேறு படகில் ஒரு மணிநேரம் போனால் நெடுந்தீவு. பவளக்கல்லை அடுக்கிய வேலிகள், மட்டக்குதிரைகள், ஒரு பெருக்குமரம். "ஐலண்ட் ஹாப்பிங்தான்ப்பா, ஐரோப்பா இல்லேங்கிறது ஒண்ணுதான் குறை" என்றாள். அந்தக் குறையும் வேண்டாம் என்று டச்சுக்காரன் முன்னூறு வருஷத்துக்கு முன்பே ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போயிருக்கிறான். நெடுந்தீவுக்கு அவன் வைத்த பெயர் டெல்ஃப்ட். வேலணை லெய்டன், அனலைதீவு ராட்டர்டாம், காரைநகர் ஆம்ஸ்டர்டாம். எண்பது கிலோமீட்டருக்குள் இத்தனை ஐரோப்பா இருக்கும்போது தொண்ணூறு யூரோ எதற்கு?

"தங்கறதுக்கு விடுதி போடாதீங்க. உங்க சித்தப்பா வீடு இருக்குல்ல" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்தே.

நாகப்பட்டினத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே பல மணிநேரம் பஸ்ஸில் போய், கப்பலேறி, மறுபடி தெற்கே வரவேண்டும். எங்கள் தெரு முடிகிற இடத்தில் கடல் இருக்கிறது. ஒருநாள் எங்கள் ஊர்க் கோடியக்கரைப் பக்கம் நடந்துபோனபோது என்னிடம் படித்தவன் ஒருவன் நாட்டுப்படகில் வலை உதறிக்கொண்டிருந்தான். 'நம்ம ஊரு மாதிரியா சார்?' என்று கேட்டவர்களில் அவனும் ஒருவனாக இருக்கலாம். விஷயத்தைச் சொன்னேன்.

"நாகப்பட்டினமா? எதுக்கு சார்? சாயங்காலம் ஏறுங்க, விடியறப்ப நெடுந்தீவுல விட்டுர்றேன். போறது ஒண்ணுமே இல்ல" என்றான். பிறகு வலையிலிருந்து ஒரு நண்டை எடுத்துத் தூரப்போட்டுவிட்டு, "வர்றதுக்குத்தான் சார் ரெண்டு மாசம் ஆகும். நம்ம வந்துருவோம், படகு வராது" என்றான். ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் இப்படி இலங்கைக் கடற்படையிடம் படகைத் தொலைத்த வீடுகள் அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். 1983-க்குப் பிறகு சண்டைக்குத் தப்பி அந்தப் பக்கத்திலிருந்து ராமேஸ்வரம் கரைக்குத் தோணிகள் வந்தபோது, இறங்கியவர்களிடம் திரும்பும் நாள் எது என்று யாரும் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி மகள் தாளை முடித்து அனுப்பினாள். கட்டைவிரலால் வலப்பக்கம் தள்ளித்தள்ளிக் கடைசி மஞ்சள் கட்டத்துக்குப் போனேன். தேதி போட்டிருந்தது. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள், 'காற்றைப் பொறுத்து'. அப்பத்தாவை அவள் பார்த்ததுகூட இல்லை.

மனைவியிடம் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே ஈரக் கையை முந்தானையில் துடைத்தவள், அதே கையை என் முன்னால் நீட்டினாள்.

"எதுக்கு?"

"அந்த மோதிரத்தைக் கழட்டிக் குடுங்க" என்றாள்.