நாகர்கோவிலில் ஒரு சொந்தக்காரன்

மார்ச் மாதக் கடைசியில் சென்னையிலிருந்து அக்கா போன் செய்வாள். நலம் விசாரித்து, யார் யாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று ஒப்பித்து முடித்து, வைக்கப்போகிற நேரத்தில் கேட்பாள்: "அங்கே வெயில் எப்பிடிடே இருக்கு?"

கேட்கிறவர்களுக்கு இது வானிலைக் கேள்வி. எனக்கு இதன் பொழிப்புரை தெரியும். ஆறு பேர், ஆறு நாள்.

ஒரு வருஷம் "கொளுத்துகு" என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப இங்கேயும் அங்கேயும் ஒண்ணுதானே, அங்கேயே வந்திருதோம்" என்றாள். அடுத்த வருஷம் "மழை கொட்டுகு" என்றேன். "ஆகா, திற்பரப்புல தண்ணி நெறைய விழுமே!" என்றாள். எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் படித்திருக்கிறேன். மழையில்லாத மாதத்திலும் ஆள் வரும் என்பதை மட்டும் பாடத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்.

குறைந்த செலவில் சுற்றுலா போவது எப்படி என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். கூட்டமில்லாத மாதத்தில் போக வேண்டுமாம், ரயிலுக்கு முன்கூட்டியே பதிய வேண்டுமாம், இட்லிக்குப் பொடி தடவிக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். எல்லாம் சுற்றி வளைப்பு. கன்னியாகுமரிக்குச் சிக்கனமாக வர ஒரே ஒரு பொருள் போதும்: நாகர்கோவிலில் ஒரு சொந்தக்காரன். அவன் வீட்டிலிருந்து கடற்கரை இருபது கிலோமீட்டர். ஐயப்ப சீசனில் குமரி லாட்ஜுகள் என்ன வாடகை சொன்னாலும் அது உங்கள் காதில் விழாது. அந்தச் சொந்தக்காரன்தான் நான்.

இந்த வருஷம் வந்தது அக்கா, அத்தான், அவர்கள் மகள், அவளுடைய இரண்டு பையன்கள், கூடவே அத்தானுடைய அக்கா. அத்தான் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். செலவில் ஓட்டை எங்கே என்று முப்பத்தைந்து வருஷம் தேடிய கண். என் வீட்டில் அது தேடுவதில்லை. ஓட்டை இங்கே அவருக்குச் சாதகமாக இருக்கிறது.

முதல் நாள் காலை நாலரை மணிக்கே எழுப்பிவிட்டார். சூரிய உதயம். கன்னியாகுமரியில் சூரியன் தினமும் உதிக்கிறது, விருந்தாளி வந்திருக்கிற அன்றைக்கு மட்டும் மேகத்துக்குப் பின்னால் உதிக்கிறது. ஆறரை மணி வரைக்கும் கீழ்வானத்தையே பார்த்துவிட்டு, அத்தான் என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, நாளைக்கு வருமா?"

"வரும் அத்தான். தினமும் வரும்."

சித்ரா பௌர்ணமி அன்று மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா ஏறும், இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம் என்று எங்கேயோ படித்திருக்கிறாள் அக்கா. "அதை இன்னைக்குப் பாக்க முடியாதா?" என்று கேட்டாள். தம்பி உள்ளூர்க்காரன், சொன்னால் செய்து கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை.

பிறகு படகு வரிசை. 1892 டிசம்பரில் விவேகானந்தர் இந்த வரிசையில் நிற்காமல் நீந்தியே போய்ச் சேர்ந்ததன் விவேகம், ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகு யாருக்கும் விளங்கும். அந்தப் பாறையில் இருந்த மூன்று நாளும் அவர் எந்த வீட்டிலும் பால் வாங்கி வைக்கச் சொல்லவில்லை, வெந்நீர் கேட்கவில்லை. எங்கள் மாவட்டத்துக்கு வந்தவர்களில் அவரளவு தொந்தரவில்லாத விருந்தாளி வேறு யாருமில்லை. 1970-இல் அவருக்கு மண்டபம் எழுப்பியது நியாயம்தான்.

அங்கிருந்து 133 அடி வள்ளுவருக்குப் போக, 2024 கடைசியில் 77 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். காலடியில் கடல் தெரியும். அத்தானின் அக்கா என் சட்டையின் முதுகைப் பற்றிக்கொண்டு கண்ணை இறுக்க மூடியபடியே எழுபத்தேழு மீட்டரையும் கடந்தார். அந்தக் கரை வந்ததும் கேட்டார்: "நல்லாருந்துதா தம்பி?"

அந்தப் பாறைக்கு நான் எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கு விட்டுப்போயிற்று. எங்கள் கல்யாணம் முடிந்து இருபத்தாறு வருஷமாகிறது, என் மனைவி ஒருமுறைகூடப் போனதில்லை. நாங்கள் வள்ளுவரின் கால் விரலை அண்ணாந்து பார்க்கிற நேரத்தில் அவள் வீட்டில் அவியலுக்குச் சேனை நறுக்கிக்கொண்டிருப்பாள். திரும்பி வருகிறவர்களுக்குப் பசிக்குமே.

இரண்டாம் நாள் பத்மநாபபுரம் அரண்மனை. கார் பிடிக்கலாமா என்று மரியாதைக்குக் கேட்டேன். அத்தான் பதறிவிட்டார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கூட வருகிற பெண்கள் மூன்று பேர். அவர் கண்ணில் அது செலவு மிச்சமல்ல, வருமானம். எனவே ஓசி பஸ்தான் வரவேண்டும் என்று தக்கலை வழியாகப் போன மூன்று பஸ்களை விட்டுவிட்டோம். நின்ற நேரத்தில் எல்லோருக்கும் டீயும் ஏத்தம்பழ பஜ்ஜியும் ஆயிற்று. மூன்று டிக்கெட் மிச்சம், அறுபது ரூபாய். டீ, பஜ்ஜி, நூற்று நாற்பது. பஜ்ஜிக்குக் காசு நான் கொடுத்ததால் அது கணக்கில் ஏறவில்லை.

அரண்மனை வாசலில் இறங்கிப் பார்த்தால் பூட்டு. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. பிறந்து வளர்ந்த ஊர்க்காரனுக்கு இது தெரிய வேண்டாமா என்று ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். தெரியும். அன்றைக்குத் திங்கட்கிழமை என்பதுதான் தெரியவில்லை. விருந்தாளி வந்தால் முதலில் போவது கிழமை.

வந்த பஸ்ஸுக்கு நியாயம் செய்ய வேண்டுமே என்று பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்கு நடத்திக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு டச்சுக்காரரின் கல்லறை இருக்கிறது. டிலனாய். 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுப் பிடிபட்டவர். மகாராஜா அவரை ஊருக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டார். அவரும் படைக்குப் பயிற்சி கொடுத்து, கோட்டைகளைப் பலப்படுத்தி, 1777-இல் இங்கேயே கண்ணை மூடினார். முப்பத்தாறு வருஷம். வந்தவர்கள் திரும்பிப் போகாமல் இருப்பதற்கு எங்கள் மாவட்டத்தில் கல்லில் வெட்டிய ஆதாரம் இருக்கிறது. கல்லறைக்கு முன்னால் அத்தான் வெகுநேரம் யோசனையோடு நின்றதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஏதோ செய்தது.

மறுநாள் திரும்பவும் அரண்மனை. திரும்பவும் ஓசி பஸ், திரும்பவும் பஜ்ஜி. தமிழ்நாட்டு மண்ணில் நின்றுகொண்டு கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிற வீடு அது. 1956 நவம்பர் ஒன்றாம் தேதி மாவட்டம் இந்தப் பக்கம் வந்தது, அரண்மனையின் சாவி மட்டும் அந்தப் பக்கமே தங்கிவிட்டது. பாகப்பிரிவினையில் பாத்திரம் ஒரு வீட்டில், மூடி ஒரு வீட்டில் இருப்பது புதிதா என்ன. மரவேலைப்பாடும், முகம் தெரிகிற கறுப்புத் தரையும், அறுபத்துநான்கு வகை மரத்தில் செய்தது என்று சொல்லப்படுகிற கட்டிலும் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். நான் போய் நிற்பது ஊட்டுப்புரையில். மேலும் கீழுமாக இரண்டு நீளக்கூடம். ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். தினமும் இரண்டாயிரம் பேருக்கு இலவசச் சாப்பாடு. ஓரத்தில் ஊறுகாய்க்கு வைத்திருந்த ஆள் உயரச் சாடிகள். அந்தச் சாடிகளைப் பார்த்தால் என் கண் கலங்கிவிடும். என் கஷ்டம் தெரிந்த ஒரே அரசு அது.

1795-இல் தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றிவிட்டார்கள். வரலாற்று ஆசிரியர்கள் அதற்குப் பல காரணம் சொல்லலாம். வீட்டுக்கு வந்து இதை என் மனைவியிடம் சொன்னபோது, தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே ஒரே வரியில் முடித்தாள். "பின்ன? சமையக்காரிய தாங்காம சொல்லிருப்பாவ."

மாத்தூர் தொட்டிப்பாலம் போனோம். இந்த மலைக்கும் அந்த மலைக்கும் நடுவே, பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தொட்டி கட்டித் தண்ணீரை நடத்திக் கூட்டிப்போகிற பாலம், 1966-இல் முடித்தது. காமராஜர் ஆட்சிக் காலத்துத் திட்டம். பின்னால் 1967-இல் சொந்த விருதுநகரே அவரைத் தோற்கடித்தபோது, 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில்தான் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அங்கிருந்து திற்பரப்பு. குளித்தார்கள். துண்டுகள் என்னுடையவை.

முட்டம் போனதைத்தான் சொல்ல வேண்டும். அத்தானுக்கு அங்கே போனதும் வயது குறைந்துவிட்டது. பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை'யை அங்கே எடுத்தார், 1981. அதன் பிறகு 'கடலோரக் கவிதைகள்' வேறு. பாறை பாறையாக ஏறி, "இதுதானே அது? இல்ல, அதோ அதுவா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். முட்டத்துப் பாறைக்கு நெற்றியில் பெயரா எழுதியிருக்கிறது? அலையும் பாசியும் ஆளை இழுத்துவிடும், இறங்கிவிடுங்கள் என்று கெஞ்சிக் கடைசியில் ஒரு பாறையைக் காட்டி, "அதேதான் அத்தான்" என்றேன். அதில் சாய்ந்து நின்று பத்துப் படம் எடுத்துக்கொண்டார். ஏழாவது படத்தில் அக்காவையும் சேர்த்துக்கொண்டார்.

கிழங்கும் மீன்கறியும் தின்றார்கள். சுக்குக்காப்பி குடித்தார்கள். மட்டிப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னதும், "அப்ப வெல ஏறிருமே" என்று அத்தான் இரண்டு குலை சேர்த்து வாங்கச் சொன்னார். வாங்கியது நான். கடற்கரையில் ஒரு சங்குமாலைக்கு இருபது ரூபாய் குறைக்க நாற்பது நிமிஷம் பேரம் பேசி வென்றார். வென்ற களைப்பில் எல்லோருக்கும் இளநீர். வாங்கியது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆறாம் நாள் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ். ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, பத்துத் தேங்காய், மட்டிக்குலை என்று நான்கு கட்டைப்பை. ஜன்னல் வழியாக அத்தான் மெய்யான வாஞ்சையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ளே, நீங்களும் எங்கயாவது போய்ட்டு வரணும். இங்கயே கெடந்தா எப்பிடி? திப்ருகர் போற விவேக் எக்ஸ்பிரஸ் ஒங்க ஊர்லேருந்துதானே பொறப்படுது?" என்றார். பொறப்படுகிறது. சுமார் 4,200 கிலோமீட்டர், இந்தியாவிலேயே நீளமான ரயில் ஓட்டம். ஆனால் திப்ருகரில் எனக்குச் சொந்தக்காரர் யாருமில்லையே.

ஜூலையில் ஒரு புதன்கிழமை, மழை விட்ட காலையில், நாமும் எங்கேயாவது போவோமா என்று மனைவியிடம் கேட்டேன். விவேகானந்தர் பாறைக்குக் கூட்டிப்போக நினைத்திருந்தேன்.

"கூட்டம் வேண்டாம்" என்றாள். "ஒருத்தரும் சோறு கேக்காத எடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க."

வட்டக்கோட்டைக்குப் போனோம். அஞ்சுகிராமம் பஸ்ஸில் அவளுக்கு இலவசச் சீட்டு. அதை மடித்துப் பர்ஸில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். தூக்குவாளியில் புளிசாதம், துவையல். கோட்டைச் சுவரில் ஏறி உட்கார்ந்தால் ஒரு பக்கம் கடல் வந்து கல்லில் மோதுகிறது, மறுபக்கம் காற்றாலைகள், அதற்குப் பின்னால் மழை கழுவிவிட்ட மலை. டிலனாய் கைவைத்த கோட்டைதான் இதுவும். வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகாமல் நல்ல வேலை பார்த்திருக்கிறார் மனுஷன் என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது கிலோமீட்டரில் இருபத்தாறு வருஷமாக இருந்த கடல்.

படியேறி ஒரு குடும்பம் வந்தது. ஏழெட்டுப் பேர், கையில் பைகள், முகத்தில் ராத்திரி பஸ் தூக்கம். அதில் ஒரு அம்மா எங்கள் தூக்குவாளியைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தார்.

"நீங்க இந்த ஊர்தானாக்கா? லாட்ஜுல எல்லாம் என்னா வாடகை கேக்கான்! இங்கன நாகர்கோயில் பக்கம் தங்க வசதியா எதும் இருக்குமா?"

நான் வாயைத் திறந்தேன். என் மனைவி முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடித்தாள்.

"நாங்களும் வெளியூருதான்" என்றாள். கண்கூடச் சிமிட்டவில்லை. "சங்கரன்கோயில்."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. பைகளைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அட, நாங்களும் சங்கரன்கோயில்தான்! நீங்க எந்தத் தெரு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன்.