சேம்பர் இறக்கிய வைபவம்

மோட்டார் வாகனத்தின் அங்கங்களுள் ஸ்டியரிங் கைக்கு வசப்பட்டது, முகவிளக்கு கண்ணுக்கு வசப்பட்டது, ஹாரனோ ஊராரின் காதுகளுக்கெல்லாம் வசப்பட்டது. ஆனால் இன்ஜினுக்கு அடியில், பூமியை நோக்கித் தொங்கிக்கொண்டு, மூன்று நான்கு லிட்டர் எண்ணெயை மடியில் ஏந்தியபடி, சொந்தக்காரன் ஆயுளில் ஒருமுறையேனும் குனிந்து பார்க்காத ஒரு தகரத் தொட்டி இருக்கிறதே, அதற்கு ஒர்க் ஷாப்பில் ஆயில் சேம்பர் என்று பெயர். அதிலிருந்துதான் பம்ப்பானது எண்ணெயை உறிஞ்சி, கிராங்க் பேரிங்குகளுக்கும் மேலேயுள்ள இதர பரிவாரங்களுக்கும் அனுப்புகிறது. அவ்வளவு பேருக்கும் கைங்கரியம் செய்துவிட்டு எண்ணெய் மறுபடியும் அங்கேயே வந்து சேர்கிறது. அந்தத் தொட்டி காலியான நிலையில் சற்று நேரம் வண்டியை ஓட்டினால் பேரிங் இறுகி, இன்ஜின் ஜாமாகி, வண்டியானது அசையாச் சொத்தாகிவிடும்.

எமரால்டு என்னும் எங்கள் ஊர் உதகையிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் கேரட்டும் முட்டைக்கோஸும், நடுவே அணை நீர் என்று பார்ப்பவர் பரவசப்படும்படி இருக்கும். பக்கத்து அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் எண்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று என்றால், இப்பிரதேசத்து வருணபகவானின் தாராளத்தை வெளியூர் வாசகர்கள் ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். அத்தகைய மழைக்குப் பின் மலையிலுள்ள கற்களுக்குச் சாலையில் உலாவ வேண்டுமென்ற ஆசை பிறந்துவிடுகிறது. அவற்றுள் ஒன்று, வளைவு ஒன்றில், மூடுபனியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் வண்டியின் வயிறு தாழ்ந்தது; கல்லின் தலை நிமிர்ந்தது; இருவரும் சந்தித்தார்கள். 'டக்' என்ற சத்தமும், கண்ணாடிக்கு முன்னே சிவந்த எண்ணெய் விளக்கும் கண்ட மாத்திரத்தில் இன்ஜினை அணைத்து, கேரட் ஏற்றப் போன ஒரு ஜீப்பின் பின்னால் கயிறு கட்டி, வண்டியைக் கொட்டகைக்கு இழுத்து வந்து சேர்த்தேன்.

கொட்டகை என்றது உபசாரம். மலைச்சரிவை வெட்டி, ஒரு புறம் மண்சுவரும் மறுபுறம் விறகு அடுக்கும் வைத்து, வண்டி நுழைந்தபின் ஓட்டுகிறவன் வெளியே வருவதற்கு விலாவைச் சுருக்கிக்கொள்ள வேண்டிய ஓர் இடுக்கு அது. அடியில் இறங்கி வேலை செய்யக் குழி கிடையாது. வெளியே தள்ளிச் செய்யலாமென்றால் மழை ஓய்ந்தபாடில்லை. ஆகவே, இடுக்கான இன்ஜின் அறைக்கு அடியிலுள்ள சேம்பரை, இடுக்கான கொட்டகைக்குள் வைத்தே இறக்குவதென்று தீர்மானமாயிற்று.

அரசுத் தேயிலைத் தோட்டத்து லாரிகளில் தொழில் பழகிய மெக்கானிக் ஒருவரும், அவரிடம் தொழில் கற்கும் ஒல்லியான பையன் ஒருவனும் வந்தார்கள். கூடவே, அழையாமலே, அடுத்த வீட்டு மின்வாரியப் பெரியவரும் வந்தார். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா தேசத்து உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் உருவான ஐம்பதுகளில், இந்த அணைத் தண்ணீரை மின்நிலையத்துக்குக் கொண்டுபோக மலையைக் குடைந்தவர்களில் அவருடைய தகப்பனாரும் ஒருவராம். ஆகையால் இடுக்கு சம்பந்தமான சகல விஷயங்களிலும் தமக்குப் பரம்பரைப் பாத்தியதை உண்டென்பது அவருடைய நம்பிக்கை. வாழ்நாளில் அவர் எந்த வண்டிக்கு அடியிலும் படுத்தவரல்லர். மோடாவில் அமர்ந்து, ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டு உபதேசம் தொடங்கினார்.

"போல்ட்டெல்லாம் கழற்றினா தானா கையில வந்துடும், தம்பி. இதுல என்ன இருக்கு?"

"வராதுங்க ஐயா. சேம்பர் கீழே இறங்கணும்னா இன்ஜினை மேலே தூக்கணும்" என்றார் மெக்கானிக்.

பெரியவர் இதை ஒரு விதண்டாவாதமாகக் கருதிச் சிரித்தார். மெக்கானிக் சொன்னதோ அட்சரலட்சம் பெறும். சேம்பருக்குக் கீழே குறுக்காக ஓர் இரும்பு உத்தரம் ஓடுகிறது. இன்ஜினைத் தாங்குவது அதன் தர்மம். சேம்பரை இறங்க விடாமல் தடுப்பது அதன் உபரித் தொழில். வண்டியை வரைந்த மகானுபாவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மேலிருந்து பார்த்து வரைந்திருக்கிறார்கள். எண்ணெய் சொட்டும் முகத்தோடு கீழிருந்து பார்க்கப்போகும் ஒரு ஜீவனைப் பற்றி அவர்கள் நினைத்ததாகத் தெரியவில்லை.

முன்சக்கரங்களை ஜாக்கியால் தூக்கி, யூகலிப்டஸ் என்னும் கற்பூர மரத்துக் கட்டைகளை அண்டை கொடுத்தார்கள். 1843-ல் ஒரு வெள்ளைக்காரத் துரை இம்மரத்தை நீலகிரிக்குக் கொண்டுவந்தது விறகுக்காக என்பார்கள். அது என் வண்டியையும் தாங்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை. பையன் சாக்கை விரித்து அனந்தசயனம் கொண்டான். டார்ச் பிடிக்கும் பொறுப்பு என்னுடையது. சேம்பரின் விளிம்பைச் சுற்றி இருபதுக்குக் குறையாத சின்னஞ்சிறு போல்ட்டுகள். அவற்றுள் முன்பக்கத்து இரண்டு மட்டும் உத்தரத்தின் மறைவில், கண்ணால் காண்போருக்குக் கை எட்டாமலும் கை எட்டுவோருக்குக் கண் தெரியாமலும் வீற்றிருந்தன. பையன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ரிங் ஸ்பானரை விரல் நுனியால் பிடித்து, ஒரு தடவைக்கு நூலளவு என்ற கணக்கில் திருப்பினான். "தெரியுதாடா?" என்று மெக்கானிக் கேட்க, "பாத்தா வரமாட்டேங்குதுண்ணே, பாக்காட்டி வருது" என்று பதில் வந்தது.

பிறகு இன்ஜின் மவுண்ட்டிங் நட்டுகளைத் தளர்த்தி, கியர் பாக்ஸின் முன்புறத்துக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியை மெள்ள ஏற்றினார்கள். விசிறி ரேடியேட்டரை உரசுகிறதா என்று ஒருவர் பார்க்க, ரப்பர் குழாய் இழுபடுகிறதா என்று மற்றவர் பார்க்க, இன்ஜின் முனகிக்கொண்டு உயர்ந்தது. சேம்பர் இரண்டு அங்குலம் இறங்கிற்று. அப்புறம் இறங்க மாட்டேனென்று சத்தியாக்கிரகம் செய்தது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் பெரியவர். அவர் எப்போது என்ன சொன்னார் என்பதை நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை.

உள்ளே பம்ப்பின் வடிகட்டி நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் கிராங்க்கின் எடைக்கட்டை ஒன்று சரியாகக் கீழ்நோக்கி நின்று வழிமறித்தது. மெக்கானிக் புல்லியில் ஸ்பானரைப் போட்டு அரைச் சுற்று திருப்ப, எடைக்கட்டை மேலே போயிற்று. பையன் சேம்பரைப் பின்னுக்குத் தள்ளி, வாலைத் தாழ்த்தி, ஒரு பக்கமாகச் சாய்த்து உருவினான். வந்துவிட்டது! கூடவே, அதில் தங்கியிருந்த எண்ணெயும் அவன் சட்டைக்குள் வந்துவிட்டது.

விரிசலுக்குக் கேஸ் வெல்டிங் வைக்க உதகைக்குப் போக வேண்டும். மண்ணெண்ணெயில் குளிப்பாட்டிய சேம்பரைச் சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் சாக்கை விலக்கி, தட்டிப் பார்த்து, "என்ன சார் இது?" என்றார். "கார்" என்றேன். "மீதி எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டு, லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்தார்.

திரும்பி வந்ததும், சேம்பருக்கும் இன்ஜினுக்கும் இடையே வைக்கும் பேக்கிங் தாளை மெக்கானிக் வெட்டத் தொடங்கினார். தாளை இன்ஜினின் விளிம்பில் வைத்து அளவெடுக்க முடியாதாகையால், சேம்பருக்காகக் காத்திருந்து, அதன் விளிம்பின்மேல் பரப்பி, சின்னச் சுத்தியலின் உருண்டை முகத்தால் ஓரமாகத் தட்டிக்கொண்டே போனார்; கத்திரியின்றி, தாள் விளிம்போடு விளிம்பாக அறுந்து விழுந்தது; ஒவ்வொரு துளையிலும் ஒரு பேரிங் குண்டை வைத்து ஒரே தட்டு, காசு போல் வட்டத் துண்டு கீழே உதிர்ந்தது. அந்தக் கைலாகவத்தைக் கண்டு பெரியவர்கூட ஒரு கணம் பேச்சை நிறுத்தினார். அனபாண்ட் பசையை மெல்லிசாகத் தடவி, போல்ட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முறுக்கி, புது எண்ணெய் ஊற்றி, வண்டியைக் கிளப்பினோம். சிவப்பு விளக்கு அணைந்தது.

"ராத்திரி முழுக்க அடியில பேப்பர் விரிச்சு வைங்க சார். கசிஞ்சா காலையில தெரியும்" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போனார். அன்றைய தினசரியை, நானே இன்னும் பிரிக்காததை, வேறு காகிதம் அகப்படாமையால் விரித்து வைத்தேன். விடிந்து போய்ப் பார்த்தால், மின்வாரியப் பெரியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்திருந்தார். கசிவைப் பரிசோதிக்கிறாராக்கும் என்று நெகிழ்ந்து அருகில் சென்றேன்.

"ஒரு சொட்டுக்கூட இல்ல, பேப்பர் சுத்தமா இருக்கு" என்று அதை உருவியெடுத்து உதறி மடித்து, "நேத்து எங்க வீட்டுக்குப் பேப்பர் போடல. படிச்சிட்டுத் தர்றேன்" என்று கிளம்பிவிட்டார்.