சங்கு ஊதினா கரையேறணும், போஸ் குடுக்கக் கூடாது

வெள்ளம் வருமுன்னே அணை போடுன்னு பெரியவுக சொல்லிவச்சாக. சரிதான். ஆனா அணையே ஒருநாள் வெள்ளத்தை அனுப்பும்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்? அந்தக் காலத்துல மதகுக்கு ஏது மோட்டாரு?

பேராண்டி, வைகை அணைக்குப் போயிட்டு வந்து போன்ல ஒரு போட்டோ காமிச்சியே. கறுப்புக் கண்ணாடி என்ன, கையை விரிச்சுக்கிட்டு நிக்கிற நெலை என்ன! அம்சமாத்தான் இருந்துச்சு. ஆனா உன் முதுகுக்குப் பின்னால ஒரு போர்டு. ‘ஆழமான பகுதி, இறங்காதீர்’னு எழுதியிருக்கு. அது மேலதான்டா நீ சாஞ்சுக்கிட்டு நிக்கிற! பன்னெண்டாப்பு வரைக்கும் படிக்க வச்சது எதுக்கு? போர்டுல சாயுறதுக்கா?

கேட்டா என்ன சொன்ன? “தாத்தா, ஆத்துல கணுக்கால் தண்ணிகூட இல்ல”ன்ன. அடப்பாவி, அங்கதானே சூட்சுமமே இருக்கு.

மழைத் தண்ணிக்கு ஒரு மரியாதை உண்டு. வானம் கறுக்கும். இடி இடிக்கும். தவளை கத்தும். ஆத்துல தண்ணி கலங்கி, சருகைத் தள்ளிக்கிட்டு வரும். பாத்தவுடனே மாடுகூடக் கரையேறிரும். அணைத் தண்ணி அப்படியா வருது? வெயில் சுள்ளுன்னு அடிக்கும். பேருக்குக்கூட ஒரு மேகம் இருக்காது. எங்கயோ ஒருத்தரு ஆபீஸ்ல உக்காந்து பட்டனை அமுக்குவாரு. இங்கிட்டு நீ நிக்கிற பாறையைச் சுத்தித் தண்ணி ஏறும். நீ தலையைக் கோதிக்கிட்டு இருப்ப.

கரண்டு எடுக்கிற அணைன்னா கேக்கவே வேணாம். நம்ம பெரியாத்துத் தண்ணியவே எடுத்துக்க. பென்னிகுயிக் 1895-ல கட்டி முடிச்ச அணை. மலையைக் குடைஞ்சு கொண்டாந்த தண்ணி லோயர் கேம்ப்ல பெரிய பெரிய குழாய்க்குள்ள எறங்கி, நாலு மிஷினைச் சுத்திவிட்டுட்டுத்தான் கம்பம் பள்ளத்தாக்குக்குள்ள வருது. அப்புறம் வைகை அணை. அங்கயும் சின்னதா ஒரு கரண்டு நிலையம். அப்புறம் பேரணை, பெரியாறு கால்வாய், மேலூரு, நம்ம வயக்காடு. ஊருக்குக் கரண்டு வேணும்னா தண்ணி மிஷின் வழியா வரும். கரண்டு போதும், மிஷினைக் குறைன்னு உத்தரவு வந்தா, நெறஞ்ச தண்ணி மதகு வழியா வரும். வேணும்னாலும் வரும், வேணாம்னாலும் வரும். ஆத்துக்குள்ள நிக்கிற உன்னையக் கேட்டுக்கிட்டா மிஷினை ஓட்டுறாக?

நான் கட்டிவிட்ட கதைன்னு நெனைக்காத. 2014, ஜூன் 8. இமாச்சலத்துல மண்டி மாவட்டம், பியாஸ் ஆறு. ஐதராபாத்துல இருந்து டூர் போன எஞ்சினியரிங் காலேஜ் பிள்ளைக. சாயங்கால நேரம். தண்ணி கம்மி, பாறை நெறைய. போட்டோவுக்கு எறங்கிட்டாக. மேல லார்ஜி நீர்மின் அணையில மதகைத் தொறந்துட்டாக. 24 பிள்ளைக, கூட்டிட்டுப் போன ஒருத்தரு, அம்புட்டுப் பேரும் போயிட்டாக. நடு ஆத்துல ஒருத்தரையொருத்தர் புடிச்சுக்கிட்டு நின்னதைக் கரையில இருந்து படம் புடிச்சிருக்காக. எனக்குக் காமிச்சப்ப பாதியில நிறுத்துன்னுட்டேன். அப்புறமென்ன, கோர்ட்டு கேஸுதான். பிள்ளைக்கு 20 லட்சம் குடுக்கணும்னு 2016-ல தீர்ப்பு. மின்வாரியத்துக்கும் பங்கு, காலேஜுக்கும் பங்கு.

எஞ்சினியருக்குப் படிச்ச பிள்ளைகப்பா. மதகுன்னா என்னன்னு தெரியாதவுகளா? தெரியும். நாம நிக்கிறது அணைக்குக் கீழங்கிறதை அந்த எடத்துல அவுகளுக்கு யாரு சொன்னா?

வடக்க எதுக்குப் போகணும். 2019 அக்டோபர்ல நம்ம ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணை. ஒரே குடும்பத்து ஆளுக. இடுப்பளவு தண்ணியில கையைக் கோத்துக்கிட்டு செல்ஃபி. ஒரு ஆளுக்குக் கால் வழுக்குச்சு. கோத்த கை மத்தவுகளையும் இழுத்துருச்சு. புதுசாக் கல்யாணம் ஆன பொண்ணோட சேத்து நாலு பேரு போயிட்டாக. அணைக்குள்ள தரை என்ன உங்க வீட்டுக் கூடமா, ஒண்ணு போல இருக்க? முங்கிப்போன பழைய ஆத்துப் பள்ளம் கெடக்கும். சகதி கெடக்கும். இடுப்பளவு நின்ன எடத்துல இருந்து ஒரு எட்டு வச்சா உச்சந்தலை முங்கும்.

தடுப்பணைன்னா உனக்கு இன்னும் இளக்காரம். சின்னதுதானேங்கிற. ஆறு நெறைய ஓடுறப்ப அதுக்குக் கீழ எறங்கிப் பாரு. வேணாம், எறங்காத, கரையில நின்னு பாரு. மேலருந்து விழுற தண்ணி அடியில போயித் திரும்பச் சுருண்டு அணைப் பக்கமே வரும். உள்ள விழுந்த கட்டை வெளிய போகாம அங்கனயே உருண்டுக்கிட்டுக் கெடக்கும். ஆளு விழுந்தாலும் அதே கதிதான். எம்புட்டு நீச்சல் தெரிஞ்சாலும் தண்ணி விடாது. வெள்ளைக்கார எஞ்சினியருக இதுக்கு ஆளை முக்குற மிஷின்னே பேரு வச்சிருக்காக. அதுக்கு டீசலும் வேணாம், கரண்டும் வேணாம்.

இப்ப உங்க கூட்டத்தைப் பத்திக் கொஞ்சம் பேசுவமா? டிவியைப் போட்டா முல்லைப்பெரியாறு உடையுமா உடையாதான்னு சண்டை. 142 அடி தேக்கிக்கலாம்னு 2014-ல சுப்ரீம் கோர்ட்டே சொன்ன பெறகும் ஓயல. டீக்கடையிலயும் இதே பஞ்சாயத்துதான். அணை உடையுறது இல்லைன்னு நான் சொல்லல. வேடசந்தூர்ப் பக்கம் குடகனாறு அணை 1977-ல உடைஞ்சுச்சு. அப்ப அது நம்ம மதுரை மாவட்டம். ஆனா நான் இப்பச் சொன்னேனே, லார்ஜி, அது உடைஞ்சதா? பாம்பாறு உடைஞ்சதா? ரெண்டும் அசையாமத்தான் நின்னுச்சு. உறுதியா நின்ன அணையிலதான் இத்தனை பேரும் போனது. உடையுற அணைக்கு ராவெல்லாம் பயப்படுற நீ, உடையாத அணைக்கு முன்னால போயிக் கையை விரிச்சுக்கிட்டு நிக்கிற.

திருவாதவூர்ல பொறந்துட்டு வைகை வெள்ளத்தைப் பத்தித் தெரியலைன்னா ஊரு சிரிக்கும்டா. நம்ம மாணிக்கவாசகரைப் பாண்டியன் வைகைச் சுடுமணல்ல நிறுத்துனான். வந்துச்சு பாரு வெள்ளம், சங்கும் ஊதல, சேதியும் சொல்லல. அது ஈசன் வேலை. அந்த வெள்ளத்துக்கே ராசா என்ன செஞ்சான்? வீட்டுக்கு ஒரு பங்குன்னு கரையை அளந்து விட்டான். பிட்டு அவிக்கிற வந்திக் கெழவிக்கும் ஒரு பங்கு. அவளுக்குக் கூலியாளா வந்த ஈசன் அவ பங்கை அடைக்கலைன்னுதானே ராசா பெரம்பை எடுத்தான்? அடி யாரு முதுகுல விழுந்துச்சு? அம்புட்டுப் பேரு முதுகுலயும். ராசா முதுகுலயும்தான்.

இப்ப வர்றது ஈசன் வேலை இல்லை. நம்ம ஆளுக தொறந்து விடுறது. அதனால சொல்லிட்டுத்தான் வருது. வைகை அணை 1959-ல காமராசர் தொறந்தது. முழுக் கணக்கு 71 அடி. 66 அடி ஆனா முதல் எச்சரிக்கை. 68.5 ஆனா ரெண்டாவது. 69 ஆனா மூணாவது. சங்கு ஊதுவாக. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம்னு அஞ்சு மாவட்டத்துக்கும் சேதி போகும். தாய்மாமன்கூட கல்யாணத்துக்கு ஒருதடவைதான் பத்திரிகை வைக்கிறான். ஆறு உனக்கு மூணு தடவை வைக்குது. இதுக்கு மேல என்ன, வெத்தலை பாக்கு தட்டோட வந்து கூப்பிடணுமா?

நீங்க என்ன செய்யிறீக? சங்குச் சத்தம் கேட்டா ஆத்தோரத்து ஆளு மாட்டை அவுத்துக்கிட்டு மேட்டுக்குப் போவான். உங்க கூட்டம் வண்டியை முறுக்கிக்கிட்டு ஆத்துக்கு வருது. யானைக்கல் தரைப்பாலம் முங்குனா போலீஸ்காரரு தடுப்பு போடுறாரு. தடுப்பு எதுக்கு? வண்டியைச் சாத்தி வச்சுட்டு எட்டிப் பாக்குறதுக்குன்னு நெனைச்சுக்கிட்டீக. 2018-ல கேரளாவுல இடுக்கி அணை மதகை 26 வருசம் கழிச்சுத் தொறந்தப்பவும் இதே கூத்துதான். பாலத்துல நின்னு செல்ஃபி எடுக்காதீகன்னு அரசாங்கம் கெஞ்ச வேண்டியதாப் போச்சு.

உன்னைய மட்டும் வஞ்சா ஞாயமில்ல. ஆபீசருமாரையும் ரெண்டு கேக்கணும்ல?

2021-ல அணைப் பாதுகாப்புச் சட்டம்னு டெல்லியில ஒண்ணு போட்டாக. பெரிய அணை ஒவ்வொண்ணுக்கும் அவசரத் திட்டம் எழுதி வைக்கணுமாம். நல்ல காரியம். எழுதுனதை எங்க வைப்பாக? பீரோவுல. சாவி? சாவி வச்சிருக்கிறவரு லீவு. ஆத்துல துணி துவைக்கிற பொம்பளைக்கு அந்தப் புத்தகத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா? ஆடு மேய்க்கிறவனுக்கு? அவுகளுக்குத் தெரிய வேண்டியது ஒரே ஒரு வரிதானே. எத்தனை மணிக்குத் தண்ணி வரும், எந்த மேட்டுல ஏறணும். அதை நாப்பது பக்கத்துல எழுதுனா எவன் படிப்பான்?

2005 ஏப்ரல்ல நர்மதைக் கரையில தாராஜின்னு ஒரு ஊரு. அமாவாசைக் குளியல், கூட்டமான கூட்டம். மேல இந்திரா சாகர் அணையில கரண்டுக்குத் தண்ணி விட்டுட்டாக. 60 பேருக்கு மேல செத்தாக. திருவிழான்னு அணைக்காரவுகளுக்குத் தெரியாதாம். தண்ணி வரும்னு திருவிழா பாத்தவுகளுக்குத் தெரியாதாம். அமாவாசை எப்ப வரும்னு காலண்டர்ல கூடவா இல்லை?

நம்ம ஊருல பாரு. சித்திரையில அழகரு எறங்குறதுக்குத் தண்ணி விடுறாக. என்னைக்குத் தொறக்குறாக, எத்தனை கனஅடி, எல்லாம் பேப்பர்ல வந்துரும். பச்சைப்புள்ளைக்குக்கூடத் தெரியும். சாமிக்குச் சொல்லத் தெரிஞ்சவுகளுக்கு மனுசனுக்குச் சொல்லத் தெரியாதா?

முன்னால தண்டோரா இருந்துச்சு. 2022-ல அரசாங்கம் அதை நிறுத்தச் சொல்லிருச்சு. ஒரு மனுசன் கழுத்துல மோளத்தைக் கட்டி ஊரைச் சுத்த விட்டதை நிறுத்துனது ஞாயந்தான், நான் குறை சொல்ல மாட்டேன். அதுக்குப் பதிலா வண்டியில மைக் கட்டிச் சொல்லுன்னாக. வண்டி மெயின் ரோட்டுல போகுது. ஆத்துக்குள்ள ஆடு மேய்க்கிறவன் மெயின் ரோட்டுலயா மேய்ப்பான்? போனுக்குச் சேதி வரும்கிறாக. வரட்டும். ஆத்து மணல்ல சிக்னல் கெடைக்குதா, அவன்கிட்ட இருக்கிற போன்ல சார்ஜ் இருக்குதான்னு யாராச்சும் ஒருத்தரு எறங்கி நடந்து பாத்தாகளா? செய்ய வேண்டியது ரொம்பச் சுருக்கம். சங்கை அணை மேல மட்டும் வைக்காம ஆளு எறங்குற படித்துறையிலயும் வை. தண்ணி விடுறதுக்கு அரை மணிக்கு முன்ன ஊது. மொதல்ல கொஞ்சமா விடு, நனைஞ்ச காலு தானா மேடேறும், அப்புறமா நெறைய விடு. போர்டுல ‘அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்’னு எழுதாத. அதைப் படிச்சு எவன் பயந்தான்? ‘இங்க தண்ணி திடீர்னு ஏறும்’னு எழுது. அதுல ஒரு கோடு போட்டு, எதுவரைக்கும் ஏறும்னு காமி. எழுத்து தெரியாதவனும் தன் தலைக்கு மேல அந்தக் கோடு இருக்கிறதைப் பாப்பான்ல.

கால்வாயிலயும் அப்படித்தான். சரிவுல காங்கிரீட் போட்டு வழவழன்னு வச்சிருக்காக. தண்ணி வேகமா ஓடுறதுக்கு அது நல்லது. விழுந்தவன் எதைப் புடிச்சு ஏறுவான்? பாசி புடிச்ச சரிவுல நகம்கூட நிக்காது. அங்கங்க நாலு படியைக் கட்டி, குறுக்க ஒரு கயித்தைக் கட்டிப் போட்டா என்ன குடியா முழுகிரும்? அதுக்கு டெண்டர் விட்டா கமிசன் கம்மியோ என்னமோ, எனக்கு எதுக்கு அந்தப் பொல்லாப்பு.

சரி சரி, மூஞ்சியைத் தூக்காத. அணைக்குப் போகாதன்னு நான் சொல்லல. போ. பூங்கா இருக்கு, பொறிச்ச மீன் இருக்கு, உன்னைய நம்பி வர்ற பிள்ளை ஒண்ணு இருக்கோ என்னமோ அதையும் கூட்டிக்கிட்டுப் போ. கெளம்புறதுக்கு முன்ன பேப்பரை ஒருதடவை புரட்டு. ‘அணை நீர்மட்டம்’னு ஒரு ஓரத்துல பெட்டி கட்டிப் போட்டிருப்பாக. நீ சினிமாப் பக்கத்துக்குத் தாவுறப்பத் தாண்டிப் போவியே, அதான். பேப்பர் வேணாம்னா போன்லயே பாரு, ராத்திரி பூரா அதைத்தானே தடவிக்கிட்டுக் கெடக்குற. வைகை 66-ஐத் தாண்டியிருச்சுன்னா, வாங்குன பிரியாணியைத் தமுக்கம் பக்கம் ஏதாச்சும் மரத்தடியில வச்சுத் தின்னுட்டு வீடு வந்து சேரு. போட்டோவுக்கு வேணும்னா பின்னால அணைப் படத்தை ஒட்டிக்க. அதுக்கும் உங்க போன்ல ஏதோ வழி இருக்காம்ல?